கள்வனுக்கு நேர்ந்த தீங்கு

திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள் மணல்வெளியில் நல்ல இடம் வேண்டுமென்றால் வெயில் தாழ்வதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். தங்கக் குதிரையில் எழுந்தருளும் நம்பெருமாள் முன்னும் பின்னுமாக ஓடி வையாளி கண்டருள்வதும், திருமங்கை மன்னன் வந்து வழிமறிப்பதும், பறித்த கையோடு அவர் ஆட்கொள்ளப்படுவதும் ஊரில் வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. வேடுபறி என்று பெயர். வழிப்பறி செய்தவரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடிநின்று கைகூப்பும் ஊர் நம்முடையது. அந்தப் பெருமிதத்தோடுதான் அன்றும் எழுந்து நடந்தோம். கூட்டம் கலைந்து ரங்கவிலாச மண்டபத்தைத் தாண்டும்போது நண்பர் ஒருவர் சொன்ன சொல் அதைக் குலைத்துவிட்டது.

நண்பர் நம் மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். நல்ல வாசகர். பெரிய திருமொழியில் பாதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். "சிறைக்குப் போய்வந்தவனை நாளைக்கு இன்னொருத்தன் அடித்துப்போட்டால் அரசாங்கம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நியாயம்தானே? நம் வரிப்பணம் திருடனுக்கு எதற்கு? இங்கேயும் அப்படி ஒரு விதி வரணும்" என்றார். உடன் நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நாம் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்பதே உண்மை. தாமதமானாலும் பதில் இதுதான்.

முதலில் அந்தத் தீர்ப்பைப் பார்த்துவிடுவோம். லித்துவேனியாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் இருவர் 2013இல் இங்கிலாந்துக்குக் கடத்திவரப்பட்டுக் கட்டாய வேலை வாங்கப்பட்டார்கள், அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். கடத்தியவர்கள் பிற்பாடு தண்டிக்கப்பட்டார்கள். வன்குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் இழப்பீட்டைச் சகோதரர்கள் கேட்டபோது மறுப்பு வந்தது. காரணம், கடத்தப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் சொந்த நாட்டில் களவு வழக்குகளில் அவர்கள் பெற்ற தண்டனை. அந்தக் களவுக்கும் இந்தக் கடத்தலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டின் இழப்பீட்டுத் திட்டம், காலாவதியாகாத சிறைத்தண்டனை ஒருவருக்கு இருந்தால் ஒரு காசும் தரலாகாது என்கிறது. அதிகாரிக்கு இரக்கப்படவும் இடமில்லை, யோசிக்கவும் இடமில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. இனம், பால், மதம் என்று அடுக்கிவிட்டு முடிவில் 'பிற நிலை' என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்திருக்கிறது. முன் தண்டனை பெற்றவர் என்பதும் அப்படி ஒரு 'நிலை'தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இவர்கள் வேறுபடுத்தி நடத்தப்பட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு, 2021 ஜூலை 9 அன்று, அந்த வேறுபாடு நியாயமானதே என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பொதுப்பணம் அளவானது, சமூகத்துக்குத் தீங்கு செய்தவனுக்கு அதில் பங்கு வேண்டாமென்று தீர்மானிப்பது அரசின் சமூகக் கொள்கை, தெளிவான கோடு கிழித்தால் நிர்வாகத்துக்கு எளிது என்பவை அதன் காரணங்கள். கதவைத் திறந்து உள்ளே அழைத்து, உட்கார்த்திவைத்து, பிறகு வெளியே அனுப்பிய தீர்ப்பு இது.

நண்பருக்குப் பிடித்தது அந்தக் 'கோடு'. நமக்குப் பிடிக்காததும் அதுவே.

இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது? நற்சான்றிதழுக்குப் பரிசாகவா, நேர்ந்த தீங்குக்கு ஈடாகவா? குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசே ஈடு தரும் முறையை நியூசிலாந்து 1963இல் சட்டமாக்கியது. பிரிட்டன் 1964இல் தொடங்கியது. நல்லவன் கெட்டவன் என்ற பேச்சு பிரிட்டனில் பழையதுதான். விண்ணப்பதாரரின் நடத்தையைப் பார்த்துத் தொகையைக் குறைக்கலாம் என்று முன்பே விதி இருந்தது. ஆனால் அது 'குறைக்கலாம்' என்ற அளவில் நின்றது. 2012இல் அது 'தரலாகாது' என்று இறுகியது. அதனால் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அந்தக் கொடுமையின் விளைவாகவே தடம்புரண்டு குற்றவழக்கில் சிக்கியவர்கள்கூட இழப்பீட்டை இழந்தார்கள். இது அநியாயம், இந்த விதியை மாற்றுங்கள் என்று அந்நாட்டின் சிறார் பாலியல் கொடுமை விசாரணைக் குழுவே 2018இல் பரிந்துரைத்தது. நண்பர் படித்த செய்தியில் இந்தப் பகுதி இல்லை போலும்.

நம் நாட்டுக்கு வருவோம். குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 357அ என்ற பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுகிறவருக்கும் அவரை நம்பியிருந்தோருக்கும் மாநில அரசு நிதி ஒதுக்கித் திட்டம் வகுக்க வேண்டும். தொகையை மாவட்ட அல்லது மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தீர்மானிக்கும். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காமற் போனாலும் கேட்கலாம். பிரிவு இவ்வளவுதான். 'மறுவாழ்வு தேவைப்படுகிற' என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. 'தகுதியுள்ள', 'ஒழுக்கமுள்ள' என்ற சொற்கள் இல்லை.

இது தற்செயலாக விட்டுப்போனது அன்று. அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மக்களை வகைபிரிக்க வேண்டுமானால், பிரிப்பதற்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் அறிவார்ந்த தொடர்பு இருக்க வேண்டும். நோக்கம் மறுவாழ்வு. பத்தாண்டுக்கு முன் சைக்கிள் திருடிச் சிறைக்குப் போனவனின் முகத்தில் இன்று யாரோ அமிலம் வீசினால் அவனுக்கு மறுவாழ்வு தேவைப்படாமற் போய்விடுமா? தோல் கருகுவதற்கு முன் தண்டனைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு கருகுவதில்லை.

நம் உச்ச நீதிமன்றம் இதை வேறு வழிகளில் பலமுறை சொல்லியிருக்கிறது. திகார் சிறையில் மரணதண்டனைக் கைதியாயிருந்த சுனில் பத்ரா, தனக்காக அல்லாமல், சிறைக்காவலரால் சித்திரவதை செய்யப்பட்ட இன்னொரு கைதிக்காக நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் தந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவன் என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான் என்பதை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. ஒடிசாவில் களவு விசாரணைக்கென்று போலீஸார் அழைத்துப்போன 22 வயது இளைஞன் சுமன் பெஹெரா மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தாயின் கடிதத்தின்மேல் 1993இல் ஒன்றரை லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்லியது நீதிமன்றம். 2017 செப்டம்பரில், சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தோரின் குடும்பத்தாரை உயர் நீதிமன்றங்கள் தாமாகவே தேடிக் கண்டறிந்து இழப்பீடு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இறந்தவர்களில் தண்டனைக் கைதிகளும் அடக்கம். நண்பரின் விதி இங்கே இருந்திருந்தால், இதே மரணம் சிறைக்கு வெளியே தனியார் கையால் நேரும்போது குடும்பத்துக்கு ஒன்றுமில்லை, சிறைக்குள் அரசின் கையால் நேர்ந்தால் உண்டு என்ற விநோதம் உண்டாகியிருக்கும்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். வந்த காரணம், சந்தனக் கட்டை. ஊராரில் பலர்மேல், பெண்கள்மேலும், சந்தனக் கடத்தல் வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்த 18 பேருக்கும் தலா 10 லட்ச ரூபாய் தரச் சொல்லியது. 31 ஆண்டுகள்.

இப்போது நண்பரின் விதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சந்தன வழக்கில் அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விழுந்திருந்தால் போதும், 'தெளிவான கோடு' அவளை வெளியே நிறுத்திவிடும். யார் தீங்கு செய்தார்களோ அவர்கள் கையிலேயே, தீங்குக்கு ஆளானவளின் உரிமையைப் பறிக்கும் கருவியும் இருந்திருக்கும். வழக்கைப் போடுகிறவனும் அவனே, அதனால் இழப்பீட்டிலிருந்து தப்புகிறவனும் அவனே. இதைத்தான் 'நிர்வாகத்துக்கு எளிது' என்கிறார்கள்.

நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இனிமேல்தான் வருகிறது. முன் தண்டனை என்பது ஊரெங்கும் சீராகப் பெய்யும் மழை அன்று. அது சில தெருக்களில் மட்டும் பெய்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது; 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. நம் தென்மாவட்டத்து மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த சாதிக்காகவே பெயரைப் பதிந்து, ரேகை கொடுத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் நீங்கியது. ஆனால் நீங்கிய மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கே வந்துவிட்டது. சட்டை மாறியது, உடம்பு அதே.

தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் 68 சாதிப் பெயர்கள் உள்ளன. சில பெயர்களின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெயரும் இருக்கிறது. ஆக இது மதுரைக்காரர்களின் வரலாறு என்று காவிரியின் குளிர்ந்த காற்றில் நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நகரிலேயே ராம்ஜி நகர் என்றொரு பகுதி இருக்கிறது. பெங்களூரிலோ தில்லியிலோ காரின் கண்ணாடியை உடைத்து மடிக்கணினியை யாராவது எடுத்தால், 'ராம்ஜி நகர் கும்பல்' என்று நாளேடுகள் தலைப்பிடுவது வழக்கம். அங்கிருந்து போய்த் திருடியவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே பிறந்து ஆலையிலும் அலுவலகத்திலும் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை. முகவரியைச் சொன்னதும் எதிரிலிருப்பவரின் கை தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அனுபவம் நமக்கு இல்லை. நண்பருக்கும் இல்லை.

முதனைக் கிராமத்து ராசாக்கண்ணு குறவர். 1993இல் நகைத் திருட்டு வழக்கென்று கம்மாபுரம் போலீஸார் அழைத்துப்போனார்கள், அடித்தே கொன்றார்கள். ('ஜெய் பீம்' படம் பார்த்தவர்கள் அவரை இருளர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், படத்தில் மாற்றப்பட்ட அடையாளம் அது.) அவர்மேல் சந்தேகம் விழுந்ததற்கு அவருடைய சாதியைவிட வலுவான காரணம் இருந்ததா? சந்தேகம் விழும் இடத்தில் வழக்கு விழும். வழக்கு விழும் இடத்தில் தண்டனை விழும். அந்தத் தண்டனையைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால், விதியில் சாதியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லாமலேயே சாதி வேலை செய்துவிடும். அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. முன் தண்டனை பெற்றோருக்கு இழப்பீடு மறுக்கும் விதி கொண்டிருந்த புளோரிடா, ஒஹாயோ மாநிலங்களின் பதிவுகளை 2018இல் மார்ஷல் ப்ராஜெக்ட் என்ற இதழியல் அமைப்பு ஆராய்ந்தது. விதியில் நிறம் இல்லை. மறுக்கப்பட்டவர்களில் கறுப்பினத்தவர், விண்ணப்பித்தவர்களில் அவர்களுக்கிருந்த விகிதத்தைவிட மிக அதிகம்.

பெயர் சொல்லாமல் பாகுபடுத்தும் இவ்வகை மறைமுகப் பாகுபாட்டை நம் உச்ச நீதிமன்றம் பெண் இராணுவ அதிகாரிகளின் வழக்கில் (நிதிஷா வழக்கு, 2021 மார்ச்) வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில், பின்தங்கிய வகுப்பினர் என்பதற்காகவே பெயர்களைச் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரம் போல் ஏற்றக் கூடாது என்று எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்துவைத்ததும் அந்தத் தீர்ப்பில் கண்டனத்துக்குள்ளானது. பிரிட்டனில் இல்லாத நினைவு நம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதைக் கழற்றிவைத்துவிட்டு அங்கிருந்து ஒரு கோட்டை இறக்குமதி செய்ய வேண்டுமா?

இன்னொன்று. பிரிட்டனில் அந்தக் கோட்டுக்கு ஒரு முடிவாவது உண்டு. 1974ஆம் ஆண்டின் சட்டப்படி குறிப்பிட்ட காலம் சென்றால் பெரும்பாலான தண்டனைகள் 'காலாவதி' ஆகிவிடும். இந்தியாவில் சிறாருக்கும் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டோருக்கும் சிறிய பாதுகாப்பு இருக்கிறதே தவிர, சிறைத்தண்டனை பெற்ற பெரியவருக்கு அப்படி ஒரு பொதுச்சட்டம் இல்லை. இங்கே கொண்டுவந்தால் அது ஆயுள் தண்டனை.

நண்பர் விடமாட்டார் என்று தெரியும். "இரண்டு ரவுடிக் கும்பல் வெட்டிக்கொள்கிறது. வெட்டப்போனவன் வெட்டுப்பட்டான். அவனுக்கும் பணமா?" என்பார். நியாயமான கேள்வி. அந்தச் சண்டையை அவனே தொடங்கினான் என்றால், அந்தத் தீங்கில் அவன் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம். அதற்கேற்பக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அப்போது எடைபோடுவது நிகழ்ச்சியை, ஆளை அன்று. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் 'முன்நடத்தை'யைக் கிளறும் பிரிவைச் சாட்சியச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில் நீக்கியது. அந்தப் பாடத்தை ஒரு வகைப் பாதிப்புக்கு மட்டும் படித்துவிட்டு மற்றதற்கு மறந்துவிட முடியுமா?

வரிப்பணம் என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. புதுக்கோட்டைச் சாலையில் மத்திய சிறையின் அங்காடியில் சிறைவாசிகள் உண்டாக்கிய பொருள்களை நாமும் வாங்கியிருக்கிறோம். தண்டனைக் கைதியின் கூலியில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கென்று பிடித்துவைப்பது நம் மாநிலச் சிறை விதி. 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஆக, பாதிக்கப்பட்டோருக்கு வரி செலுத்தி உதவுகிறவர் நண்பர் மட்டும் அல்லர், கைதியும்தான். கொடுக்கும்போது அவன் கை செல்லும், வாங்கும்போது செல்லாது என்பது என்ன கணக்கு?

சட்டப்புத்தகத்தில் இல்லாத விதியை எதிர்த்து எதற்கு இவ்வளவு ஆவேசம் என்று சிலர் கேட்கலாம். விதி புத்தகத்தில் இல்லை, மேசையில் இருக்கிறது. பல மாநிலங்களின் இழப்பீட்டுத் திட்டங்கள், குற்றம் நடந்த 48 மணி நேரத்துக்குள் புகார் தந்திருக்க வேண்டும், காவல்துறையோடு ஒத்துழைத்திருக்க வேண்டும் என்கின்றன. தாமதத்தை மன்னிக்க வழியிருந்தாலும் அது சலுகையே, உரிமை இல்லை. சரித்திரப் பதிவேட்டில் பெயருள்ள ஒருவன் கத்திக்குத்துப்பட்டுக் காவல் நிலையப் படியேறினால் அவன் கேட்கும் முதல் கேள்வி "யார் குத்தினது?" என்பதா, "உன் மேல எத்தனை கேஸ்?" என்பதா? அந்தக் கேள்விக்குப் பயந்து அவன் படியேறாமலே போனால் முதல் தகவல் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லையேல் ஆணைக்குழுவின் முன் விண்ணப்பம் நிற்பது கடினம். மறுப்புக் கடிதம்கூட யாரும் எழுத வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது சிறியது. மாநிலத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பாதிக்கப்பட்டவரின் முன் தண்டனை, நிலுவை வழக்கு, பதிவேட்டுக் குறிப்பு ஆகிய எதுவும் இழப்பீட்டுக்கான தகுதியிலோ தொகையிலோ கருதப்படலாகாது. புகார் தர அஞ்சியவருக்குக் காலவரம்பு தானாகவே தளர வேண்டும். மருத்துவமனைக் காயச் சான்று போதுமான தொடக்கமாகக் கொள்ளப்பட வேண்டும்.

வேடுபறிக்கே திரும்புகிறோம். குருபரம்பரைக் கதை திருமங்கை மன்னனைப் பற்றி நாம் விழாவில் காணாத சிலவற்றையும் சொல்கிறது. கப்பம் கட்டாததற்காகச் சோழ மன்னனால் காவலில் வைக்கப்பட்டவர் அவர். பிரிட்டிஷ் திட்டத்தின்படி விண்ணப்பமே செல்லாது. அரங்கன் மதில்களை எழுப்பியபோது கூலி கேட்ட ஆட்களைப் படகில் ஏற்றிக் கொள்ளிடத்தில் மூழ்கவிட்டார் என்றும், உறவினர் வந்து முறையிட்டபோது, நாங்கள் வைகுந்தத்தில் நலமாயிருக்கிறோம் என்று மூழ்கினவர்களே சொல்லும்படி செய்தார் என்றும் கதை போகிறது. ஆழ்வாரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. கதையின் உட்பொருளை அறிந்தவர்கள் விளக்குவார்கள். நமக்கு அதில் கண்ணில் படுவது, கரையில் வந்து நின்ற அந்த உறவினர்கள். அவர்கள் கேட்டது கூலி. செத்தவர்கள் நல்லவர்களா என்று கதைக்காரர்கூட அவர்களைக் கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டம் வழக்கம்போல் அம்மா மண்டபத்துக்கு அருகே. நண்பர் மறுப்போடு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.